ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மனித ஜீனோமைப் படிப்பது எப்படி

மனித ஜீனோம் படிக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறை நானும் செய்தேன். தடியான பாடநூல் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், டிஎன்ஏ-வின் வேதியியலைத் தாண்டவே இரண்டு மாதம் ஆனது, மூன்றாம் மாதம் புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது. அப்புறம் ஓர் ஆசிரியர் சொன்ன வழிதான் எனக்குச் சரிப்பட்டது: ஜீனோமில் ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள், அது மாறினால் நோயாளியின் உடம்பில் என்ன ஆகிறது என்று கடைசிவரை பின்னாலேயே போ, தேவையான பாடமெல்லாம் வழியில் வந்து சேரும்.

அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் உயிரியல் படிப்பவர், கணினி வேலையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர், செவிலியர், ஆசிரியர் யாராக இருந்தாலும் தினம் ஒரு மணி நேரம் வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பயமில்லாமல் திறந்து படிக்கலாம். டாக்டர் ஆகிவிட முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்களில் டிஎன்ஏ-வும் மரபணு, ஜீனும் மரபணு, ஜீனோமும் மரபணு. தந்தை யார் என்று பார்க்கும் கோர்ட்டு வழக்கும் புற்றுநோய்ச் சோதனையும் ‘மரபணு சோதனை’ என்ற ஒரே தலைப்பில் வரும். இந்தக் கட்டுரையில் டிஎன்ஏ என்றால் செல்லுக்குள் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கும் பொருள், மரபணு என்றால் அதில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பகுதி, ஜீனோம் என்றால் மொத்தமும். இலங்கையில் படித்தவர்கள் குரோமோசோம் என்ற இடத்தில் நிறமூர்த்தம் என்றும், மாற்றம் என்ற இடத்தில் விகாரம் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: அளவுகள் மட்டும்

முதல் வாரம் சில எண்கள் மனதில் பதிந்தால் போதும். ஒரு தொகுப்பு மனித ஜீனோமில் சுமார் 310 கோடி எழுத்துகள், எல்லாமே ஏ, டி, ஜி, சி என்ற நான்கில் ஒன்று. அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, ஆக 23 ஜோடி குரோமோசோம். புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. புரதத்துக்கான எழுத்துகளை மட்டும் எண்ணினால் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. உங்கள் ஜீனோமை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் பொது ஜீனோமுடன் வரிசை வரிசையாகப் பார்த்தால் 41 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள், ‘என் ரிப்போர்ட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது’ என்று யாராவது பதறும்போது உதவும்.

வரலாறு வேண்டுமென்றால் இவ்வளவுதான்: ஹியூமன் ஜீனோம் புராஜெக்ட் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது, ஆனால் படிக்கவே முடியாத சுமார் 8 சதவீதம் பாக்கி கிடந்தது, அது 2022-இல்தான் நிரம்பியது.

எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் சொல்லும் எழுத்து, கதிர் அரிவாள் இரத்தசோகை நோயின் எழுத்து. பள்ளியில் படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்தும் இருப்பீர்கள். ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா குளோபினைச் செய்யும் மரபணுவின் பெயர் எச்பிபி. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மூன்றெழுத்து. அதில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜிடிஜி என்று ஆகிவிட்டால், குளுட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காரும். வாலினுக்குத் தண்ணீர் பிடிக்காது, அதனால் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீள்கின்றன, சிவப்பணு அரிவாள் போல வளைகிறது, சின்ன ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்கிறது. நோயாளிக்குத் தாங்க முடியாத வலி அங்கிருந்துதான் வருகிறது.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இது ஒரு மூலக்கூறின் நோய் என்று காட்டினார்கள், 1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் புரதத்தில் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தார், அடுத்த ஆண்டே அது ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்றும் காட்டினார். நமக்கு நெருக்கமான இன்னொரு ஆண்டு 1952. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரும்பாலும் பேசப்பட்டுவந்த இது நீலகிரியின் பழங்குடிகளிடமும் இருப்பதை லேமனும் கட்புஷும் எழுதியது அந்த ஆண்டில்தான். மலேரியா அதிகமாக இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் அம்மா, அப்பா தந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, அதனால்தான் அது அழியாமல் தங்கியது என்று 1954-இல் ஆலிசன் விளக்கினார்.

இனி கணினியைத் திறங்கள். என்சாம்பிள் (Ensembl) என்ற தளத்துக்குப் போய் ஆர்எஸ்334 என்று தேடுங்கள். (தளத்தின் பெயர், மரபணுவின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) இந்த எண் அந்த ஓர் எழுத்தின் ஆதார் எண் மாதிரி, எந்தத் தளத்திலும் செல்லும். 11-ஆம் குரோமோசோம், 5227002-ஆவது இடம் என்று வரும்.

வந்ததும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஏ-க்குப் பதில் டி என்றுதானே படித்தோம், திரையில் டி-க்குப் பதில் ஏ என்று இருக்கிறதே? நான் இதில் ஒரு முழு சாயங்காலத்தைத் தொலைத்தேன். டிஎன்ஏ-வுக்கு இரண்டு இழைகள், தளங்கள் எப்போதும் ஒரே பக்கத்து இழையைத்தான் எழுதிக்காட்டும், எச்பிபி மரபணுவோ எதிர்ப்பக்கத்து இழையில் இருந்து தலைகீழாக வாசிக்கப்படுகிறது. இங்கே ஏ என்றால் அங்கே டி. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இதை ஒருமுறை திரையில் பார்த்து முட்டிக்கொண்டால்தான் இரட்டை இழை என்ற பாடம் உண்மையில் மண்டையில் ஏறும். அதே இடத்தில் வேறு எழுத்துகளும் தெரியலாம், அவை அங்கே நடந்த வேறு அரிய மாற்றங்கள், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த குழப்பம் எண்ணில் வரும். பாடநூலில் ஆறாவது அமினோ அமிலம், தளத்தில் ஏழாவது. புரதம் செய்யத் தொடங்கும்போது முதலில் வரும் மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும். பழைய முறையில் அதை எண்ணுவதில்லை, புதிய முறையில் எண்ணுகிறார்கள்.

மூன்றாவதாக, இடத்தின் எண். சில பழைய கட்டுரைகளில் இதே எழுத்து 5248232-ஆவது இடம் என்று இருக்கும். ஜீனோம் வரைபடத்துக்குப் பதிப்புகள் உண்டு: 2009-இல் வந்த 37-ஆம் பதிப்பு, 2013-இல் வந்த 38-ஆம் பதிப்பு. பதிப்பு மாறினால் கதவு எண் மாறும், வீடு அதேதான். ஒரு முறை இரண்டு கோப்புகளை வெவ்வேறு பதிப்பு என்று தெரியாமல் சேர்த்துவிட்டு, ‘ஒன்றுகூடப் பொருந்தவில்லையே, பெரிய கண்டுபிடிப்பு’ என்று இரண்டு நாள் மிதந்தேன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் கேள்வி எந்தப் பதிப்பு என்பதாகவே இருக்கட்டும்.

எந்த மக்களிடம் எவ்வளவு

அதே பக்கத்தில் எந்த மக்களிடம் இந்த எழுத்து எத்தனை சதவீதம் என்ற பட்டியல் இருக்கும். 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தகவல் அது, 2015-இல் வெளியானபோது 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேர். ஆப்பிரிக்கர்களுக்கான வரியில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு என்று பார்ப்பீர்கள். அந்த 26 குழுக்களில் ஒன்று பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள், எஸ்டியூ என்பது குறியீடு, 102 பேர். ஆம், பெயரில்லாமல் தமிழர்களின் முழு ஜீனோம் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி பல ஆண்டுகளாக இணையத்தில் இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் நீலகிரிப் பழங்குடிகளுக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. ‘தெற்காசியர்’ என்ற ஒரே வரியைப் பார்த்து ‘நம்மிடம் இது இல்லை’ என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இந்த ஓர் உதாரணமே சொல்லிவிடும்.

பெரிய தொகுப்பு வேண்டுமென்றால் நோமாட் (gnomAD) என்ற தளம், நான்காம் பதிப்பில் 8,07,162 பேர். இந்தியாவின் சொந்த முயற்சி ஜீனோம் இந்தியா, சுமார் 10,000 பேரின் முழு ஜீனோம் தகவலை 2025 ஜனவரியில் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், தொடக்கக்காரருக்கு 1000 ஜீனோம்ஸே தாராளம்.

குடும்பக் கணக்கு

இந்த நோய் வர இரண்டு பிரதியிலும் மாற்றம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பவர் தாங்கி, பொதுவாக நலமாகவே இருப்பார். தாங்கியும் தாங்கியும் மணந்தால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ‘மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குக் கவலையில்லை’ என்று எண்ணுபவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அப்படியில்லை, ஒவ்வொரு கருவுக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

நம் ஊரில் இந்தப் பாடத்தை நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் இல்லாமல் பேச முடியாது. அத்தை மகள், மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு ஓர் இடத்தில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க 16-இல் ஒரு வாய்ப்பு, அக்கா மகளை மணந்தால் 8-இல் ஒன்று. முன்னோரிடம் கெட்ட மாற்றம் இல்லையென்றால் ஒன்றும் ஆகாது, இருந்தால் அது வெளியே வரும். அத்தை மகன், மாமன் மகள் உறவே இல்லாவிட்டாலும் சாதிக்குள்ளேயே பல நூற்றாண்டு மணம் முடித்ததால் இதே விளைவு சில சமூகங்களில் உண்டு. ஆரிய வைசியர்களிடம் பிசிஎச்இ என்ற மரபணுவில் ஒரு மாற்றம் அதிகம், அன்றாட வாழ்க்கையில் அதனால் ஒன்றும் தெரியாது, ஆனால் அறுவை சிகிச்சையில் தசை தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின் மருந்து அவர்கள் உடம்பில் சீக்கிரம் சிதையாது, மூச்சுத் தசைகள் நெடுநேரம் எழும்பாது. மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டித் தெரிந்தால் வேறு மருந்துக்கு மாறிவிடலாம்.

ஒரே எழுத்து, ஆனால் எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை

ஆர்எஸ்334 இரண்டு பிரதியிலும் மாறிய இருவரில் ஒருவர் மாதம் தவறாமல் ஆஸ்பத்திரியில், இன்னொருவர் பெரும்பாலும் வீட்டில். ஏன்? கருவில் இருக்கும்போது நமக்கு வேறு ஹீமோகுளோபின், பிறந்த சில மாதத்தில் அது பீட்டா வகைக்கு மாறிவிடும். சிலருக்கு மட்டும் அந்தக் கருப்பருவ ஹீமோகுளோபின் பெரியவரான பிறகும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும், அது அரிவாள் கம்பிகளை நீளவிடாது. இந்தியாவில் காணப்படும், அரபு-இந்திய வகை என்று அழைக்கப்படும் பின்னணியில் இது பொதுவாகக் கூடுதல்.

அந்தக் கருப்பருவ ஹீமோகுளோபினை அணைப்பது எது என்று தேடியபோது 2007, 2008 வாக்கில் பல பேரின் ஜீனோமை ஒப்பிட்ட ஆய்வுகள் 2-ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவைக் காட்டின. அதை அணைக்கும் சுவிட்ச் இதுதான். 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, டிஎன்ஏ-வை வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியால் அந்தச் சுவிட்சைச் சிவப்பணுக்களில் மட்டும் முடக்கித் திருப்பி ஏற்றுகிறது. கவனியுங்கள், நோய்க்குக் காரணமான எழுத்தை அது தொடுவதே இல்லை! இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் உண்மையான பிரியம் வந்தது. விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் என்பது வேறு கதை. பல ஆண்டுகளாக மலிவாகக் கிடைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் அதே கருப்பருவ ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது.

இரண்டாவது எழுத்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும்

முதல் உதாரணத்தோடு நிறுத்தினால் ‘ஒரு மாற்றம், ஒரு நோய்’ என்ற தவறான எண்ணம் ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுத்து எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றத்தை எடுங்கள். இதயத் தசைப் புரதம் இது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இந்த நீக்கம் இருப்பதையும், இதயத் தசை நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் 2009-இல் வந்த ஒரு கட்டுரை சொன்னது. அதன் முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், ஹைதராபாத்தின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி-யின் ஆய்வாளர்களும் அதில் உண்டு. இவ்வளவு கெட்ட மாற்றம் இவ்வளவு பேரிடம் எப்படி? தொல்லை பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் வருகிறது, அதற்குள் பிள்ளை பெற்று அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தாகிவிடுகிறது.

சரி, 4 சதவீதம் பேருக்கும் இதய நோய் வருகிறதா என்றால் இல்லை. 2018-இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் நடந்த ஆய்வு, அந்த நீக்கத்தோடு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களிடம்தான் இதயத்தின் இயக்கம் தெளிவாக வேறுபடுகிறது என்று காட்டியது. இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒரு முடிவு ஒன்பது ஆண்டில் எப்படிச் செதுக்கப்படுகிறது என்று தெரியும்.

மூன்றாவதாகச் சர்க்கரை நோய். இங்கே ஓர் எழுத்து என்ற பேச்சே எடுபடாது. 2006-இல் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2 மரபணு பேர்போனது, ஆனாலும் அதன் பங்கு சிறிது, இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தகவலை வைத்துச் செய்தவை, நமக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. காசு கொடுத்து வாங்கும் வண்ண வண்ண ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், இடுப்பளவும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்ற கேள்வியும் இன்றைக்கும் மலிவான, நல்ல துப்பு.

கையை நனைக்கும் நேரம்

இனி தரவு. மூன்று வகைக் கோப்புகள்தான். இயந்திரம் துண்டு துண்டாக வாசித்தது ஃபாஸ்ட்கியூ, துண்டுகளைப் பொது ஜீனோமில் இடம் பார்த்து ஒட்டியது பாம், எங்கெங்கே வேறுபாடு என்ற பட்டியல் விசிஎஃப். முழு ஜீனோமின் ஃபாஸ்ட்கியூ ஒருவருக்கே பல பத்து ஜிபி வரும், அதை இறக்க ஆரம்பித்து லேப்டாப்பை நிரப்பிவிடாதீர்கள். 22-ஆம் குரோமோசோமின் விசிஎஃப் ஒன்றோடு தொடங்குங்கள், சின்னது, யாவரும் அதில்தான் பழகுகிறார்கள். நிரல் தெரியாதவர் கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் உலாவியிலேயே எல்லா வேலையையும் செய்து பார்க்கலாம். தெரிந்தவர் லினக்ஸில், விசிஎஃப் கோப்புகளைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளட்டும். துண்டுகள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று கண்ணால் பார்க்க ஐஜிவி என்ற மென்பொருள். பைத்தான் நிரல்மொழி பழக ரோசலிண்ட் தளத்தில் உள்ள கணக்குகளைப் போடுங்கள், முதல் கணக்கே எழுத்துகளை எண்ணுவதுதான், அங்கிருந்து மெல்ல ஏறும்.

எக்செலில் மரபணுப் பெயர்களைத் திறக்காதீர்கள். செப்ட்2, மார்ச்1 என்ற பெயர்களை அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். இந்தக் கூத்து பொறுக்காமல் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள், எக்செல் அப்போது மாறவில்லை.

ரிப்போர்ட் படிக்கும் ஆசை வரும்

நான்கு மாதம் ஆனதும் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்புவார். ‘நீ இதைத்தானே படிக்கிறே, பார்த்துச் சொல்லுப்பா.’ எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய் மரபணுவான பிஆர்சிஏ2-இல் ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்ற ஒரு வரி. வீட்டில் அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

2015 முதல் மாற்றங்களை ஐந்து தட்டில் போடுகிறார்கள்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுத்தட்டுக்கு அர்த்தம் ‘இன்னும் தெரியாது’ என்பது மட்டும்தான், அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. எந்த மாற்றம் எந்தத் தட்டு என்று தொகுத்து வைத்திருக்கும் கிளின்வார் தளத்தில் அந்த மாற்றத்தைத் தேடி, பக்கத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் ஒரே ஆய்வகத்தின் சொல், மூன்று என்றால் நிபுணர் குழு பார்த்தது. தட்டு மாறவும் செய்யும். 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயத் தசை நோய் தருவதாகக் கறுப்பினத்தவர் பலரிடம் சொல்லப்பட்ட மாற்றங்கள் உண்மையில் தீங்கற்றவை என்று தெரிந்தது. முதலில் ஒப்பிட்ட கூட்டத்தில் கறுப்பினத்தவர் போதுமான அளவு இல்லை, அவ்வளவுதான் காரணம்.

அதனால் உறவினருக்கு நான் சொன்ன பதில், இந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்பதும், மரபியல் ஆலோசகரைப் பாருங்கள் என்பதும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள். இன்னொன்று, அவர்கள் கோப்பை உங்கள் பழகும் தளங்களில் ஏற்றாதீர்கள், உங்களுடையதையும்தான். ஒருவரின் ஜீனோமில் அவர் அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோரும் பாதி இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. மக்களுக்கு நேரடியாக மரபணுச் சோதனை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் போட்டது.

அடுத்த எழுத்து உங்களுடையது

இதுவரை நான் கூட வந்தேன். இனி தனியாக ஒன்றைப் பின்தொடருங்கள்: ஆர்எஸ்33950507. அதே எச்பிபி மரபணு, கொஞ்சம் தள்ளி, ஹீமோகுளோபின் ஈ என்று பெயர். இந்தியாவின் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அதிகம். எந்த அமினோ அமிலம் எதுவாக மாறுகிறது, பழைய எண் என்ன புதிய எண் என்ன, 1000 ஜீனோம்ஸ் பட்டியலில் எந்த வரியில் கூடுதல், இரண்டு பிரதியிலும் இது இருந்தால் லேசான சோகையோடு போய்விடும்போது ஒரு பிரதியில் இதுவும் மறு பிரதியில் பீட்டா குளோபினே சரியாக உருவாகாத பீட்டா தலசீமியாவும் சேர்ந்தால் மட்டும் ஏன் சிலருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பாடநூலில் ஜி, ஏ ஆகிறது என்று இருக்கும், திரையில் சி, டி ஆகிறது என்று வரும், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.